பக்கத்துச் சபையில் பம்பி இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை: சபைகளின் அனர்த்தகால வளங்களுக்கு ஒரு பட்டியல் செய்வோமா?

களனிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது வெல்லம்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் இடுப்பளவு. பெரிய வீதியில் வற்றிய பிறகும் உள்ளே வற்றவில்லை, கான் எல்லாம் சேறு அடைத்துப் போய்விட்டது, இறைத்துத்தான் ஆக வேண்டும். டீசல் பம்பி ஒன்றுக்காக மூன்று நாள் போன் எடுத்தோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தோம், கிராம சேவகரிடம் சொன்னோம், அவர் பிரதேச செயலகத்துக்குச் சொன்னார். எல்லோரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள், யாரும் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் பம்பி எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் கட்டட வேலை செய்யும் ஒருவர் தன்னுடையதைத் தந்தார்.

இரண்டு கிழமை கழித்து வேறு அலுவலாகப் பக்கத்து உள்ளூராட்சிச் சபை ஒன்றின் களஞ்சியத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மூலையில் இரண்டு பம்பி, தார்ப்பாய் போட்டு மூடியபடி. எங்கள் ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம்கூட இல்லை. களஞ்சியக்காரர் சொன்னார், "கேட்டிருந்தால் தந்திருப்போமே தம்பி, யாரும் கேட்கவில்லையே." அவரில் பிழை இல்லை. யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தேவை என்று அவருக்குத் தெரியாது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டு அம்மா கட்டிலின் மேல் கட்டில் போட்டு இருந்தவர்.

கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, கோட்டை, தெகிவளை-கல்கிசை, மொரட்டுவை, கடுவளை என்று மாநகர சபைகள், கொலன்னாவை, மகரகம, பொரலஸ்கமுவ, கெஸ்பேவ மாதிரி நகர சபைகள், அப்புறம் பிரதேச சபைகள். ஒவ்வொன்றிலும் டிப்பர், பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்), தண்ணீர் பவுசர், கலி பவுசர் (மலசலகூடக் குழியை உறிஞ்சி எடுக்கும் வண்டி), ட்ரக்டர், ஜெனரேட்டர், மண்டபம் என்று ஏதோ இருக்கிறது. எது எங்கே, எத்தனை, யாரைக் கேட்பது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அடுத்த மழைக்கு ஒரு சபை மற்றச் சபைக்குக் கைகொடுக்கலாம். எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்

தம்பி, நான் ஒரு சபையின் வேலைப் பகுதியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பட்டியல் இல்லை என்று நினைக்காதீர்கள். பட்டியல் நிறைய இருக்கிறது. இருப்புப் பதிவேடு இருக்கிறது, வருட முடிவில் ஆட்கள் வந்து ஒவ்வொரு பொருளையும் எண்ணிப் பார்த்துக் கையொப்பம் வைப்பார்கள், கணக்காய்வுக்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பதிவேடு கேட்கும் கேள்வி வேறு. பொருள் காணாமல் போனதா இல்லையா, அவ்வளவுதான். மூன்று பவுசர் என்று எழுதியிருக்கும், மூன்றும் முற்றத்தில் நிற்கும், எண்ணிக்கை சரி. ஒன்றுக்கு டயர் இல்லை, ஒன்றின் தாங்கி ஓட்டை, ஓடுவது ஒன்று. பதிவேட்டின்படி அங்கே ஒரு குறையும் இல்லை.

நீங்கள் அந்தப் பதிவேட்டைப் பிரதி எடுத்து வைத்தால், வெள்ளத்தன்று ஓடாத பவுசருக்குத்தான் போன் எடுப்பீர்கள். வாகனம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஓட்டப் பதிவேட்டைப் பாருங்கள். கடைசியாக எந்தத் திகதி ஓடியது, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு டீசல், எல்லாம் சாரதியின் கையெழுத்தில் இருக்கும். பம்பி, ஜெனரேட்டருக்கு அதுவும் சரியாக இருக்காது, நேரே போய் இயக்கிப் பார்ப்பது தவிர வேறு வழி இல்லை.

இன்னொன்று. பொருளை எழுதினால் அதோடு ஆளையும் எழுத வேண்டும். எங்கள் சபையில் பெக்கோ ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் வீடு ஹோமாகமவுக்கும் அப்பால். 2016 மே வெள்ளத்தில் பெக்கோ முற்றத்தில் நின்றது, அவர் வந்து சேர ஒன்றரை நாள், வழியெல்லாம் தண்ணீர். பெக்கோவில் ஒரு பிழையும் இல்லை.

நிரல்தம்பி

ஐயா சொன்னதை அப்படியே ஒட்டி வைக்க வேண்டும். நான் மென்பொருள் பக்கம் வேலை செய்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு மென்பொருள் இங்கேதான் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு சில நாட்களுக்குள் இலங்கை மென்பொருள்காரர்கள் கூடி எழுதியது சஹானா. சிங்களத்தில் நிவாரணம், ஆறுதல் என்று பொருள். காணாமல் போனவர் பதிவு, முகாம் பதிவு, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது, யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்று பகுதி பகுதியாக இருந்தது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் பயன்படுத்தினார்கள். திறந்த மூலம், இன்றும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் 2003 செப்டம்பர் 1இல் இந்திய அனர்த்த வள வலையமைப்பு என்று மாவட்டவாரியாகக் கருவிகளையும் ஆட்களையும் இணையத்தில் பதியத் தொடங்கினார்கள்.

ஆனால் என் கருத்து, செயலி செய்வதில் தொடங்க வேண்டாம். நான் இப்படி இரண்டு வேலைத்திட்டங்களில் இருந்திருக்கிறேன். இரண்டிலும் முதல் மாதம் தரவு நிரம்பியது, ஆறாம் மாதம் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. விரிதாள் ஒன்று போதும். முக்கியம் என்ன எழுதுகிறோம் என்பது. "பெரிய பம்பி" என்று எழுதாதீர்கள். எத்தனை அங்குலக் குழாய், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், டீசலா மின்சாரமா, தூக்க எத்தனை பேர். அமெரிக்காவில் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளத்துக்கும் வகை ஒன்று, அந்த வகைக்குள் திறனை வைத்துத் தரம் ஒன்று. தரம் 1 என்றால் திறன் கூடியது, இலக்கம் ஏற ஏற திறன் குறையும். இரண்டு ஊர்க்காரர் போனில் கதைக்கும்போது "தரம் 2 ஜெனரேட்டர்" என்றால் இரு பக்கமும் ஒரே பொருளை நினைக்கும். நம்மூரில் "பெக்கோ" என்றால் ஒருவர் சக்கரம் உள்ளதை நினைப்பார், மற்றவர் சங்கிலி உள்ளதை. சங்கிலி உள்ளது வர, அதை ஏற்றிவரும் தாழ்தள லோபெட் லொறி வேண்டும், அதற்கு வேறு அரை நாள்.

பழைய ஓவர்சியர்

ஓம், லோபெட்! அதை மறந்துவிட்டேன். அதோடு குழாயைப் பம்பியோடு இணைக்கும் பூட்டு. ஒரு சபையின் குழாய் மற்றச் சபையின் பம்பிக்குப் பொருந்தாது. ஒன்று திருகுவது, ஒன்று கொளுவுவது. பம்பி வந்து, ஆள் வந்து, டீசலும் வந்து, கடைசியில் பூட்டு பொருந்தாமல் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறோம். பாதித் தண்ணீர் வெளியே.

நிரல்தம்பி

இது பழைய பாடம் ஐயா. 1904இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க்கிலிருந்தெல்லாம் தீயணைப்பு வண்டிகள் வந்தன. ஊருக்கு ஊர் பூட்டு வேறு. பல வண்டிகளின் குழாய் அங்குள்ள தண்ணீர்க் குழாய்வாயில் பொருந்தவே இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே பொது அளவு பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். நம் விரிதாளில் "பூட்டு வகை" என்று ஒரு நிரல் போடுகிறேன், முடிந்தால் படமும்.

தெமட்டகொடை ரீச்சர்

எல்லோரும் இயந்திரத்தையே கதைக்கிறீர்கள், நான் முகாம் பக்கம் சொல்கிறேன். எங்கள் பாடசாலையில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் தங்கினார்கள். சாப்பாடு வந்தது. கொழும்பில் சாப்பாடு எப்படியும் வந்துவிடும், கோயில், பள்ளிவாசல், விகாரை, சேர்ச், யார் யாரோ பொதி கட்டிக்கொண்டு வந்தார்கள். வராதது கலி பவுசர். இரண்டாம் நாள் மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது. வயதுக்கு வந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், சீனி வருத்தக்காரர், எல்லோருக்கும் நான்கு கழிவறை, அதில் இரண்டு மூடியாயிற்று. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை எந்த நிவாரணப் பட்டியலிலும் யாரும் எழுதுவதில்லை.

ஆகவே உங்கள் பட்டியலில் கலி பவுசரை முதல் பக்கத்தில் போடுங்கள். எத்தனை லீற்றர் கொள்ளும், எங்கே கொண்டுபோய்க் கொட்ட அனுமதி இருக்கிறது என்பதும் வேண்டும், ஏனென்றால் கொட்டும் இடமே வெள்ளத்தில் இருந்தால் பவுசர் வந்தும் பயனில்லை.

மண்டபங்களுக்கும் ஒரு வார்த்தை. சமூக மண்டபத்தின் சாவி யாரிடம்? எங்கள் பக்கத்தில் ஒரு மண்டபம் திறக்க ஐந்து மணி நேரம் ஆனது, சாவி வைத்திருந்தவர் கண்டியில். சாய்தளம் இருக்கிறதா, பெண்களுக்குத் தனிக் குளியல் இடம் இருக்கிறதா, மின்சாரப் பெட்டி நிலத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில், இவ்வளவும் எழுதலாம்.

பேலியகொடைப் பெடியன்

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு அடிப்படை விஷயம் தவறுகிறது. நீங்கள் கொழும்பு மாவட்டம் என்று கோடு போடுகிறீர்கள். களனி கங்கைக்கு அந்தக் கோடு தெரியாது. ஒரு கரையில் கொலன்னாவை, சேதவத்தை, மட்டக்குளி. மறு கரையில் பேலியகொடை, களனி, பியகம, நாங்கள் கம்பஹா மாவட்டம். ஆற்றின் நீர்மட்டம் நாகலகம் வீதி அளவுமானியில் 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி தாண்டினால் பெரு வெள்ளம். அது ஏறும்போது இரண்டு கரைக்கும் சேர்த்துத்தான் ஏறும். அன்றைக்கு உங்கள் பக்கத்துச் சபைக்கும் அதே பம்பி வேண்டும். டிட்வா நேரம் எங்கள் சபையிடம் நீங்கள் கேட்டிருந்தாலும் தந்திருக்க முடியாது, எங்களுக்கே போதவில்லை.

பக்கத்துச் சபை என்பது அவ்வளவு உதவாது. எந்தச் சபை வேறு ஆற்றுப் பக்கம் இருக்கிறதோ அதுதான் உதவும். மொரட்டுவை, கெஸ்பேவ, வடக்கே நீர்கொழும்பு. அவர்களுக்கு வெள்ளம் வரும்போது நாம் போக வேண்டும். ஒவ்வொரு வளத்துக்கும் "இது நிற்கும் முற்றம் வெள்ளத்தில் மூழ்குமா" என்று ஒரு நிரல் போடுங்கள். வாகன முற்றமே தாழ்நிலத்தில் இருந்தால் மேல்நாட்டில் மழை என்று கேட்டவுடனேயே வண்டியை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ஆற்றின் மேற்பக்கம் உள்ள ஹங்வெல்ல, கிளென்கோர்ஸ் நீர்மட்ட அளவுகளை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறது. மேலே ஏறிய தண்ணீர் கொழும்புக்கு வர நேரம் எடுக்கும், அந்த நேரத்தில்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

களனிக்கரையான்

இது என் மண்டையில் ஏறவே இல்லை. நன்றி தம்பி. நான் கண்ட அந்த இரண்டு பம்பியும் மேட்டில் இருக்கும் சபையில்தான், அதனால்தான் சும்மா கிடந்திருக்கின்றன. இப்போது விளங்குகிறது.

புதுக்கடையான்

சட்டத்தரணி என்ற முறையில் எழுதுகிறேன், ஆனால் இது சட்ட ஆலோசனை இல்லை.

2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, மாவட்டச் செயலகங்களில் அதன் பிரிவுகள் உள்ளன. இது மத்திய அரசின் வரிசை: நிலையம், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம சேவகர். நீங்கள் போன் எடுத்தது இந்த வரிசைக்கு. ஆனால் பம்பி இருந்தது சபையில், உள்ளூராட்சி மாகாணத்தின் கீழ் வருகிறது. இரண்டு வரிசை, இரண்டு பதிவேடு. எல்லைகளும் ஒத்துப்போவதில்லை. கொழும்பு மாநகர சபைக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள். கொலன்னாவை பிரதேச செயலகப் பிரிவுக்குள் கொலன்னாவை நகர சபையும் கொட்டிகாவத்தை-முல்லேரியா பிரதேச சபையும். ஒரு பக்கம் ஒன்றுக்கு இரண்டு, மறு பக்கம் இரண்டுக்கு ஒன்று. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் இருக்கும் உத்தியோகத்தரால் தேடவே முடியாது.

அடுத்தது, விடுவிக்கும் அதிகாரம். செயலாளரோ ஆணையாளரோ "தருகிறேன்" என்று சொல்லத் தயங்குவது மனமில்லாமல் அல்ல. வண்டி எல்லைக்கு வெளியே விபத்துக்குள்ளானால் யார் பொறுப்பு, சாரதிக்குக் காயம் என்றால் யார் கொடுப்பது, மேலதிக நேரக் கொடுப்பனவை எந்தச் சபையின் கணக்கில் போடுவது, கணக்காய்வில் நாளை கேள்வி வந்தால்? கையொப்பம் வைத்த உத்தியோகத்தர் தனி ஆளாக நின்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன, 1996இல் அவர்களுடைய காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தது. இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே அதில் பதில் இருக்கிறது. உதவி கேட்ட மாநிலம் செலவைத் திருப்பிக் கொடுக்கும். வந்து வேலை செய்பவர் பிறருக்குச் சேதம் விளைவித்தால் பொறுப்பு என்று வரும்போது, கேட்ட மாநிலத்தின் முகவராகவே கருதப்படுவார். வேலைக்கு வந்தவருக்கே காயம் என்றால் அவருடைய சொந்த மாநிலம் நட்டஈடு கொடுக்கும். எல்லா 50 மாநிலங்களும் சேர்ந்திருக்கின்றன. "பவுசர் ஒன்று, சாரதி இருவர், உதவியாள் ஒருவர், மூன்று நாள் டீசல், மொத்தச் செலவு இவ்வளவு" என்று ஒரு பொதியாக முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கமும் அங்கே உண்டு. கேட்கும் பக்கம் ஒரு தாளில் கையொப்பம் வைத்தால் போதும்.

இரண்டு சபைகள் தங்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டு இரண்டு பக்கப் புரிந்துணர்வுக் கடிதம் ஒன்று எழுதினாலே பெரிய விஷயம். 2023 மார்ச்சிலிருந்து தெரிவு செய்யப்பட்ட சபைகளே இல்லாமல் இருந்தன, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேளுங்கள்.

தெமட்டகொடை ரீச்சர்

எனக்கு ஒரு பயம். இந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போட்டால், சாரதியின் வீட்டு இலக்கத்துக்கு இரவு முழுக்க நூறு பேர் எடுப்பார்கள். அவர் பாவம், அவர் வீட்டிலும் தண்ணீர். செல்வாக்குள்ளவர் ஒருவர் எடுத்துத் தன் தெருவுக்குப் பவுசரைத் திருப்பிவிடவும் கூடும், முகாமில் அதை நான் கண்டிருக்கிறேன்.

நிரல்தம்பி

ரீச்சர் சொல்வது சரி, நானும் இதையே யோசித்தேன். எந்தச் சபையில் என்ன வகை எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியட்டும், அது பொதுச் சொத்து. ஆட்களின் பெயர், இலக்கம், சாவி விபரம் சபைகளிடமும் மாவட்டப் பிரிவிடமும் மட்டும். கேட்பது எப்போதும் பதவியின் இலக்கத்துக்கு.

பேலியகொடைப் பெடியன்

நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். பதவியின் இலக்கம் இரவு ஒன்பது மணிக்கு யாரும் எடுக்காத கந்தோர் போன். ஒழுங்கையில் நிற்கிறவனுக்கு அது உதவாது. குறைந்தது மழைக்காலத்துக்காவது சபைக்கு ஒரு கைபேசி, முறை வைத்து ஒருவர் கையில் இருக்க வேண்டும், அந்த இலக்கம் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

தெமட்டகொடை ரீச்சர்

அதுவும் நியாயம்தான். அப்படி ஒரு கைபேசி இருந்தால் என் பயம் பாதி குறையும்.

களனிக்கரையான்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்து சபைகளுக்கு எழுதினோம். மூன்றுக்கு நேரே போனோம், இரண்டுக்கு 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஒன்று சொன்னது, மற்றது இன்னும் இல்லை, மேன்முறையீடு போடுகிறோம். நேரே போன இடங்களில் வேலை சுலபம். தேநீர் தந்து, கூடவே நடந்து காட்டினார்கள். ஓவர்சியர் ஐயா எங்களோடு வந்தார், அவர் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. தாளில் பதினொரு பம்பி. அன்றைக்கு இயங்கியவை ஆறு. இரண்டுக்கு பற்றரி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது, இரண்டு மாதமாக யாரும் இயக்கிப் பார்க்காததால்தான்.

பெயர்ப் பிரச்சினை பெரியது. ஒரே முற்றத்தின் பெயர் சிங்களத்தில் ஒரு மாதிரி, தமிழில் மூன்று எழுத்துக்கூட்டல். வெல்லம்பிட்டி, வெல்லம்பிட்டிய, இரண்டையும் தேட வேண்டும். நிரல்தம்பி மூன்று மொழிக்கும் நிரல் போட்டிருக்கிறார். சிங்களத்தைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும், முன்வாருங்கள்.

எப்போது புதுப்பிப்பது என்று கேட்டவர்களுக்கு: ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு தடவை, தென்மேற்குப் பருவத்துக்கு முன். செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை. போய் இயக்கிப் பார்த்த திகதி இல்லாத வரியை மங்கலாக்கிவிடுவோம், அழிக்க மாட்டோம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்து டீசல் எங்கிருந்து என்பதற்கும் ஒரு நிரல் சேர்த்தோம், வண்டி இருந்து டீசல் இல்லாத நாட்களை நாமெல்லாம் பார்த்தோமே.

புதுக்கடையான்

கடிதத்தின் வரைவை எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். ஒரு சபையின் உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் முன்வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். மேட்டுச் சபை ஒன்றும் ஆற்றங்கரைச் சபை ஒன்றும் முதலில் சேரட்டும்.

பழைய ஓவர்சியர்

இன்று காலை அந்தத் தார்ப்பாய்க்குள் இருந்த இரண்டு பம்பியையும் களஞ்சியக்காரரோடு சேர்ந்து இயக்கினேன். ஒன்று முதல் இழுவையிலேயே பிடித்தது. மற்றதுக்கு எண்ணெய் மாற்றினோம், இருபது நிமிடம் ஓடவிட்டோம். நான்கு அங்குலம், டீசல், திருகும் பூட்டு. உறிஞ்சும் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தூக்க நான்கு பேர் வேண்டும். திகதியைப் போட்டுவிடுங்கள் தம்பி. அடுத்த சனிக்கிழமை கடுவளைப் பக்கம் போகிறேன், வாகனம் உள்ளவர் யாராவது வருகிறீர்களா?

பேலியகொடைப் பெடியன்

நான் வருகிறேன் ஐயா. ஏழு மணிக்கு வெல்லம்பிட்டிச் சந்தியில் நிற்பேன். கொளுவும் பூட்டுக்கும் திருகும் பூட்டுக்கும் நடுவில் போடும் இணைப்பு ஒன்று பஞ்சிகாவத்தையில் கிடைத்தது, கொண்டுவருகிறேன், பொருந்துகிறதா என்று அங்கேயே பார்ப்போம்.